உமையாள் ஓட்டாத கார்

வேப்பங்குளத்தில் அதைக் கார் என்று யாரும் சொன்னதில்லை. ‘பிளஷர்’ என்றுதான் சொல்வார்கள். உமையாள் மட்டும் அதற்கு வேறொரு பெயர் வைத்திருந்தாள். ஊருணியில் தண்ணீர் எடுக்கும்போது யாராவது, “ஒன் வீட்டுக்காரரு எங்க, ஆளையே காணோம்” என்று கேட்டால், “எங்க போவாரு? எஞ் சக்களத்திக்கு அடியில படுத்துக் கெடக்காரு” என்பாள்.

அவள் புருஷன் மருதுபாண்டி இராமநாதபுரத்துப் பக்கம் ஒரு ஜமீன் பங்களாவில் டிரைவராக இருந்தவர். ஜமீன் ஒழிந்ததும் பங்களாவில் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கைமாறிப் போயின. யாரும் விலைக்குக் கேட்காத ஒரு கிழட்டுக் கார் மட்டும் புளியமரத்தடியில் கோழி அடைந்து கிடந்தது. வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று அதை அவரிடம் தள்ளிவிட்டார்கள். அவர் இரண்டு மாட்டைப் பூட்டி, அபிராமம் வழியாக அதை ஊருக்கு இழுத்து வந்தார். ஊரே தெருவில் நின்று சிரித்தது. உமையாள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்படிச் சிரித்தவர்கள்தான் பிறகு அந்தக் காரில் பெண் அழைத்தார்கள். பரமக்குடி ஸ்டேஷனுக்கு ஆள் கொண்டு போய்விடவும், அபிராமத்துச் சந்தைக்குச் சரக்கு ஏற்றிப் போகவும் அதையே கூப்பிட்டார்கள். ஒரு நாள் ஓடினால் இரண்டு நாள் தொழுவத்தில் பிரிந்து கிடக்கும். மருதுபாண்டி சாக்கை விரித்து அதன் அடியில் புகுந்துகொண்டு, “உமையா, அந்த அரை இஞ்சு ஸ்பானரு” என்று கையை நீட்டுவார். அவள் மாட்டுக்குத் தவிடு கலக்கியபடியே எடுத்துக் கொடுப்பாள். எந்த ஸ்பானர் எதற்கு என்று யாரும் அவளுக்குப் பாடம் எடுக்கவில்லை. வருஷக்கணக்கில் எடுத்துக் கொடுத்த கைக்குத் தானாகவே தெரிந்துபோயிற்று.

மிளகாய் போட்ட கோடையில் மருதுபாண்டி இன்னொரு வேலையும் செய்தார். வீட்டுக்குப் பின்னாலேயே கிணறு, கிணற்றை ஒட்டி மேல வயலும் கீழ வயலும். காரைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் கல்லடுக்கித் தூக்கி நிறுத்தினார். டயரைக் கழற்றிவிட்டு அந்த வெறும் சக்கரத்தில் பெல்ட்டை மாட்டி, பழைய பம்பு ஒன்றோடு சேர்த்தார். கார் நின்ற இடத்திலேயே ஓடியது, சக்கரம் சுற்றியது, கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. பார்க்க வந்தவர்களிடம், “என்னிக்காச்சும் மாடு கைவிட்டா இது கைகொடுக்கும்” என்றார்.

மாடு கைவிட்டது, ஆனால் அதற்கு முன்பு அவர் கை விழுந்துவிட்டது.

புழுதியில் நெல் விதைத்து முடித்த ஐப்பசி அது. காலையில் கிணற்றடிக்குப் போனவர் குளிக்கிற கல்லின் மேல் சரிந்து கிடந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சொன்னதெல்லாம் அவருக்கு விளங்கியது, ஆனால் பதிலுக்கு ஒரு முனகல்தான் வந்தது. வைத்தியத்துக்காக மாடு இரண்டையும் சந்தைக்கு ஓட்டி விற்றுவிட்டாள் உமையாள். அப்படியும் எழுந்து உட்காரக்கூட அவரால் முடியவில்லை.

கார்த்திகையில் நின்ற மழை திரும்பவே இல்லை. கண்மாயில் மடை திறக்கிற அளவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஊரில் பாதிப் பயிர் தூரிலேயே கருகிவிட்டது. உமையாளின் வயல் கிணற்றடி ஈரத்தில் எப்படியோ தாக்குப் பிடித்துக் கதிர் தள்ளியிருந்தது. பால் பிடிக்கிற நேரம். இப்போது தண்ணீர் காட்டாவிட்டால் அத்தனையும் பதராகிவிடும். அவளும் பக்கத்து வீட்டுச் சோலையம்மாளும் குடத்தால் இறைத்துப் பார்த்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஒரு பாத்தி நனைவதற்குள் முந்தின பாத்தி வெடித்துக் கிடந்தது.

ஊரில் வீடுகளைப் பூட்டத் தொடங்கினார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் கதிரறுப்பு இருக்கிறது என்று சட்டி பானையோடு குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். மருதுபாண்டியின் தம்பி உக்கிரபாண்டியும் கிளம்புவதற்கு முன் அண்ணன் வீட்டுக்கு வந்தான். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினான்.

“மதினி, நான் சொல்றதக் கேளுங்க. பிள்ளைக ரெண்டையும் எங்கூட அனுப்பி வைங்க. அங்கன கஞ்சியாச்சும் கெடைக்கும். இந்த வண்டியப் பரமக்குடி ஒர்க்ஷாப்பு பாக்கர் ராவுத்தர்ட்ட இரும்புக்குப் போட்ருவோம். வர்றத வச்சு நீங்களும் அண்ணனும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.”

“அதுக்கப்புறம்?”

உக்கிரபாண்டி தலையைச் சொறிந்தான். “நடக்க முடியாத ஆளத் தூக்கிக்கிட்டு எங்கன போறது மதினி. எனக்கு மட்டும் மனசு கேக்குதா?”

“வயக்காடு கதிர் வாங்கி நிக்குதுப்பா.”

“தண்ணிக்கு எங்க போவீங்க?”

அவள் கிணற்றடியைப் பார்த்தாள். ஓலையைப் போட்டு மூடியபடி கார் அங்கேயே நின்றது. கோடையில் மாட்டிய பெல்ட்டைக்கூட யாரும் கழற்றியிருக்கவில்லை.

“பிள்ளைக எங்கிட்டயே இருக்கட்டும்,” என்றாள். “வண்டியும் இருக்கட்டும்.”

உக்கிரபாண்டி கோபப்படவில்லை. தன் வீட்டில் மிச்சமிருந்த கேப்பையில் ஓலைப்பெட்டி நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் உமையாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காரின் முன்னால் போய் நின்றாள். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினாள். கட்டை விரலை உள்ளே மடக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும்; எஞ்சின் எதிர்த்து உதைத்தால் விரல் போய்விடும் என்று அவர் சொல்லிக் கேட்டிருந்தாள். சுற்றினாள், சுற்றினாள், மூச்சு முட்டியது. ஒரு இருமல்கூட இல்லை. பிளக்குகளைக் கழற்றிக் கரியைச் சுரண்டினாள். கார்புரேட்டரைப் பிரித்து, தலைமயிர் ஒன்றை உருவி அதன் பொடி ஓட்டைகளில் விட்டு எடுத்தாள். திரும்ப மாட்டிச் சுற்றினாள். இல்லை. வேலியோரம் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து வந்து, கரண்டு தொட்டு விலகுகிற பாயிண்டைத் திறந்து, அதில் பூத்திருந்த பச்சையைத் தீப்பெட்டியின் மருந்துப் பட்டையால் தேய்த்தாள்.

அதற்குப் பிறகு ஒரே சுற்றில் எஞ்சின் உறுமியது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். மருதுபாண்டியின் கண்கள் வாசல் பக்கம் திரும்பியிருந்தன. இழுத்துக்கொண்ட அந்த வாய் சிரிக்கிறதா அழுகிறதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சக்கரம் சுற்றி, கிணற்றுத் தண்ணீர் மேல வயலுக்குப் பாய்ந்தது. டாங்கியில் கிடந்த பெட்ரோல் சீக்கிரமே அடிக்கு வந்துவிட்டது. காதில் கிடந்த தோட்டைக் கழற்றிப் பரமக்குடியில் பாக்கரிடம் கொடுத்துப் பெட்ரோல் டின் வாங்கி வந்தாள். அது கடைசிவரை காணாது என்று அவளுக்குத் தெரியும். பெட்ரோலில் கிளப்பிவிட்டு, எஞ்சின் சூடேறியதும் சீமெண்ணெயைக் கலந்து ஊற்றினாள். மருதுபாண்டி உயிர் போனாலும் அதைச் செய்யமாட்டார். சீமெண்ணெய் எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலைத் தண்ணியாக்கிவிடும், உள்ளே இரும்பு இரும்பைத் தின்னும் என்பார். அந்தப் புகை வீட்டுக்குள் போனபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உமையாள் பார்த்தாள். ஆனாலும் ஊற்றினாள்.

மேல வயலில் பாதி நனைந்திருந்தபோது காரின் பின்னால் வெள்ளை வெள்ளையாகப் புகை வந்தது. ரேடியேட்டர் மூடி துள்ளியது. தண்ணீர் உள்ளே கொப்பளித்தது. எஞ்சின் திணறித் திணறி நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே ஓடுகிற காருக்கு எதிர்க்காற்று கிடையாது, வெந்துபோகும். அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

“கேஸ்கட்டுப் போச்சுன்னு நெனைக்கிறேன்,” என்று சோலையம்மாளிடம் சொன்னாள்.

“அப்படின்னா என்னடி?”

“எஞ்சினுக்கு நடுவுல ஒரு தகடு. அவரு மாத்துறதப் பாத்திருக்கேன்.”

சோலையம்மாள் ஒரு பக்கம் பிடிக்க, கட்டிலோடு மருதுபாண்டியைத் தூக்கிவந்து கிணற்றடி வேம்பின் நிழலில் போட்டார்கள். உமையாள் ஒவ்வொரு நட்டில் ஸ்பானரை வைக்கும் முன்பும் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இடது கை விரலை அசைத்தால் சரி. கையைக் கவிழ்த்தால் வேண்டாம். ஒரு நட்டு இறுகிப்போய் அசையவில்லை. ஸ்பானரின் நுனியில் ஏறி நின்றாள். எஞ்சினின் மேல்மூடி ஒட்டிப் பிடித்துக்கொண்டு வராமல் அடம்பிடித்தது. உலக்கைப் பூணால் தட்டப் போனவளைப் பார்த்து அவர் கையைக் கவிழ்த்தார். அவள் உலக்கையைத் திருப்பி, மரமுனையால் சுற்றிலும் மெல்லத் தட்டினாள். பெண்கள் இருவரும் பிரசவம் பார்க்கிறவர்களைப் போல முக்கி அதைத் தூக்கினார்கள்.

கேஸ்கட்டில் இரண்டு பெரிய ஓட்டைகளுக்கு நடுவே கரிந்து பிளந்திருந்தது. அதை அவர் கண்ணெதிரே பிடித்தாள். அவர் விரலை அந்தப் பிளவில் வைத்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பரமக்குடிக்குப் பஸ் ஏறினாள். பாக்கர் ராவுத்தர் வைகைக்கரைப் பக்கம் ஒரு கொட்டகையில் பஸ் ரிப்பேர் பார்க்கிறவர். கேஸ்கட்டைக் கையில் வாங்கியதுமே அவர் முகம் விழுந்துவிட்டது.

“தங்கச்சி, இந்த வண்டி பொறந்த ஊருலயே இப்ப இதுக்குச் சாமான் கெடையாது. மெட்ராஸுக்கு எழுதிப்போட்டாலும் வராது. வந்தாலும் ஒம் பயிரு அதுவரைக்கும் இருக்குமா?”

“வேற வழியே இல்லையாண்ணே?”

“கனத்த செப்புத் தகடு இருந்தா வெட்டிப் பாக்கலாம். எங்கிட்ட இல்ல. அல்லா மேல ஆணையா, இருந்தாக் குடுத்துருவேன்.”

உமையாள் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள். அவள் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த செப்புத் தவலை அடுப்படி மூலையில் இருந்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு மறுபடி பரமக்குடிக்கு வந்தாள். பாக்கர் தவலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்ல உருப்படியாச்சே” என்றார். அவர் உளியை எடுத்து அதன் வயிற்றைக் கிழித்தார். தகட்டை அடித்து நிமிர்த்தி, பழைய கேஸ்கட்டை மேலே வைத்துக் கோடு போட்டு, ஓட்டை ஓட்டையாக வெட்டினார். பிறகு உலையில் போட்டுச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமுக்கினார். இரண்டு பக்கமும் தடவுவதற்குக் கெட்டி வெள்ளைப் பெயிண்டைக் கொட்டாங்கச்சியில் கொஞ்சம் கொடுத்தார்.

“நடு நட்டுலருந்து முறுக்கிக்கிட்டு வெளிய வா. ஒரேயடியா இறுக்கிறாத. சுத்திச் சுத்தி வந்து கொஞ்சங்கொஞ்சமா இறுக்கு. நான் வந்து மாட்டித் தருவேன். ஆனா ரெண்டு பஸ்ஸு பிரிஞ்சு கெடக்கு.”

அவளே மாட்டினாள். முதல் தடவை கிளப்பியதும் ஓரத்தில் நீர் கசிந்தது. எல்லா நட்டையும் இன்னொரு சுற்று இறுக்கினாள். கசிவு நின்றது. இப்போது பம்பு கொட்டுகிற தண்ணீரிலிருந்தே குடம் குடமாக மொண்டு, கொதிக்கிற தண்ணீரை அடியில் திறந்துவிட்டு, ரேடியேட்டரில் மேலே ஊற்றிக்கொண்டே இருந்தாள். கை ஓய்ந்தால் சோலையம்மாள் ஊற்றினாள். மேல வயல் முழுக்க நனைந்து, வெடிப்புகள் வாயை மூடிக்கொண்டன. துவண்டு கிடந்த தாள்கள் நிமிர்ந்ததைப் பார்த்து உமையாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வாய்க்காலைக் கீழ வயலுக்குத் திருப்பினாள். அந்த வயல்தான் பெரியது.

அதில் பாதி கூட நனைந்திருக்காது. எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. யாரோ உள்ளே உட்கார்ந்து சுத்தியலால் மெதுவாகத் தட்டுவது போல, டொக் டொக் என்று. வேம்பின் அடியில் கட்டில் சட்டமும் தட்டியது. திரும்பினாள். மருதுபாண்டி இடது கையால் சட்டத்தை அடித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் தட்டுகிற அதே கதியில் அடித்தார். பிறகு கையைக் கவிழ்த்தார். மறுபடி அடித்தார். மறுபடி கவிழ்த்தார்.

அவள் போய்க் கட்டிலருகே குந்தினாள்.

“கேக்குதுங்க. ஒங்களுக்குக் கேக்குறது எனக்கும் கேக்குது. உள்ள பேரிங்கு போகுது, அதானே சொல்றீக?”

அவர் கண் ஆமென்றது.

“நிப்பாட்டி, ஆறுன எஞ்சினப் பிரிச்சு, அந்தப் பேரிங்க வார்த்துப் போட எனக்கு ஏலாது. பாக்கரண்ணன் செஞ்சு குடுத்தாலும் நாளாகும். கீழ வயக்காடு நாளைக்கு நிக்காது. ஒங்க வண்டி நாளைக்கு நிக்கும், நாளன்னைக்கும் நிக்கும். நாம நாலு பேரும் எங்க நிக்கிறது?”

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். விழாத கையின் பலம் முழுவதும் அதில் இருந்தது. ஜமீன் பங்களாவின் புளியமரத்தடியில் கிடந்ததை மனுஷர் ஏறுகிற வண்டியாக்கிய கை அது. ஒவ்வொரு நட்டையும் அது அறியும். உமையாள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

வீட்டில் விளக்கெண்ணெய் ஒரு ஜாடி இருந்தது. எஞ்சினை நிறுத்தாமலே அதை ஆயில் ஊற்றுகிற வாயில் கவிழ்த்தாள். சத்தம் கொஞ்சம் அடங்கியது. நல்லெண்ணெயையும் ஊற்றினாள். அடுப்படியில் எண்ணெய் என்று சொல்ல இனி ஒரு சொட்டு இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்தி பாத்தியாக ஓடினாள். ஒன்று நிறைந்ததும் அடைத்து அடுத்ததை வெட்டிவிட்டாள். பின்னால் கட்டில் சட்டத்தில் அடி விழுந்துகொண்டே இருந்தது. எஞ்சின் தட்டல் பலத்தது. சட்டத்தின் அடியும் பலத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவோம் என்று பயந்தாள்.

கடைசிப் பாத்திகள் இன்னும் காய்ந்து கிடந்தன. அப்போது இரும்புக்குள் யாரோ கோடாலியைப் பாய்ச்சியது போல ஒரு சத்தம். பெல்ட் அறுந்து துள்ளி வேலியில் விழுந்தது. எஞ்சின் நின்றது. அதன் விலாவில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்து, உள்ளேயிருந்த தண்டு ஒடிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கறுத்த எண்ணெய் தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் வந்த தண்ணீர் கொஞ்ச தூரம் நகர்ந்து, மண் உறிஞ்சி, அப்படியே மறைந்தது. சோலையம்மாள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள்.

உமையாள் மண்வெட்டியோடு கட்டிலருகே வந்தாள். மருதுபாண்டியின் கை சட்டத்தின் மேல் கிடந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. வேம்பின் கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் காது வரை ஓடியிருந்தது.

மேல வயல் நன்றாகவே விளைந்தது. கீழ வயலில் கடைசிப் பாத்திகள் முழுக்கப் பதர், மற்றவை பழுதில்லை. நெல் கொட்டும் குலுக்கை நிறையவில்லை, ஆனால் அந்த வருஷம் அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாள் இல்லை. புது அரிசியில் கஞ்சி வைத்து அவர் வாயருகே கொண்டுபோனபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அன்று முழுவதும் அப்படித்தான். மறுநாள் உமையாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

“வண்டியக் கொன்னது நாந்தான். தெரிஞ்சேதான் கொன்னேன். இன்னொரு தடவ அப்படி வந்தாலும் அதையேதான் செய்வேன். அதுக்காக எம் மேல கோவமா இருங்க, எத்தன நாள் வேணும்னாலும் இருங்க. கஞ்சி மேல என்ன கோவம்?”

சாயங்காலம் மூத்த மகள் ஊட்டியபோது குடித்தார். உமையாள் ஊட்டினால் குடிக்க இன்னும் பல நாட்கள் ஆயின.

மாசியில் உக்கிரபாண்டி திரும்பி வந்தான். போகும்போது இடுப்பில் சுமந்துபோன கடைசிப் பிள்ளை அவனோடு இல்லை. போன இடத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டதாம். உமையாள் அவன் பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். தன் பிள்ளைகளை அனுப்பாததைப் பற்றி அவளும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. அரை மூட்டை நெல்லை அவன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

பாக்கர் மாட்டுவண்டியும் கயிறும் கொண்டுவந்து காரை எடுத்துப்போனார். விலாவில் கிடந்த ஓட்டையைப் பார்த்தவர், “சத்தம் கேட்டிருக்குமே தங்கச்சி. அப்பவே நிப்பாட்டலயா?” என்று கேட்டார்.

“கேட்டுச்சுண்ணே.”

அவர் குனிந்து கயிற்றைக் கட்டினார். நனைந்து இறுகிய மண்ணில் சக்கரம் புதைந்திருந்ததால் மாடுகள் இழுத்தும் வரவில்லை. உமையாளும் சோலையம்மாளும் பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். அந்தக் காரில் உமையாள் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறாள், தங்கச்சி கல்யாணத்துக்கு. ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

மருதுபாண்டி அடுத்த ஆடி வரை இருந்தார். காலையும் மாலையும் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது அவள் வேலை. புரட்டும்போது அவர் இடது கையால் அவள் தோளைப் பிடித்துக்கொள்வார். புரட்டி முடித்த பிறகும் சில நாள் அந்தக் கை உடனே விடாது. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பிடித்திருந்தாரா, வேறு எதற்காவதா என்று உமையாள் நினைத்துப் பார்ப்பாள். கேட்டால் சொல்ல அவருக்கு வாயில்லை. அவளும் கேட்கவில்லை, அந்தக் கை தானாக விடுகிறவரை குனிந்தபடியே நிற்பாள்.